மலாயாவை வென்றவர், மணிலாவில் தூக்கிலிடப்பட்டவர்: ஜெனரல் யமாஷிட்டா

புக்கிட் பாஞ்சாங்கில் வசிக்கும் மாணவர்களுக்கு அந்தச் சந்திப்பு நன்கு பழக்கமானது. ஒரு பக்கம் சுவா சூ காங்கிலிருந்து வரும் சாலை, இன்னொரு பக்கம் உட்லண்ட்சிலிருந்து வரும் சாலை. இரண்டும் சேரும் இடத்திலிருந்து அப்பர் புக்கிட் தீமா சாலை நகரை நோக்கிச் செல்கிறது. இன்று மேலே இலகு ரயில் ஓடுகிறது, கீழே பெருவிரைவு ரயில் ஓடுகிறது. இடையில் கடைத்தொகுதிகளும் பேருந்து நிலையமும் உள்ளன.

1942ஆம் ஆண்டில் அது ஒரு கிராமம். அவ்வாண்டு பிப்ரவரி 10ஆம் தேதி இரவு, சுவா சூ காங் சாலை வழியாக ஜப்பானிய டாங்கிகள் அந்தக் கிராமத்துக்குள் நுழைந்தன. ஐந்து நாள்களுக்குப் பிறகு சிங்கப்பூர் வீழ்ந்தது.

அந்தப் படையை நடத்தியவர் ஜெனரல் தோமோயுக்கி யமாஷிட்டா. மலாயாவையும் சிங்கப்பூரையும் 70 நாள்களில் கைப்பற்றியதால் அவருக்கு ‘மலாயாப் புலி’ என்ற பட்டப்பெயர் கிடைத்தது. நான்கே ஆண்டுகளில் அவர் போர்க் குற்றவாளியாகத் தூக்கிலிடப்பட்டார். அவர் வென்ற விதத்தை இன்றும் ராணுவக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். அவர் தண்டிக்கப்பட்ட வழக்கைச் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள்.

ஆனால் அந்த வழக்கில் சிங்கப்பூரைப் பற்றிய குற்றச்சாட்டு ஒன்றுகூட இல்லை. இங்கு ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டதற்காக யமாஷிட்டா எந்த நீதிமன்றத்திலும் நிறுத்தப்படவில்லை. அவரது வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேண்டியதற்கு இதுவே முக்கியக் காரணம்.

மருத்துவரின் மகன்

யமாஷிட்டா 1885ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் தேதி பிறந்தார். ஜப்பானின் ஷிகோக்கு தீவில், கொச்சி வட்டாரத்தின் மலைக்கிராமம் ஒன்று அவரது ஊர். தந்தை ஊர் மருத்துவர். இளம் வயதிலேயே ராணுவப் பள்ளியில் சேர்ந்த யமாஷிட்டா, 1905ல் ராணுவக் கழகத்தில் தேர்ச்சி பெற்றார். 1916ல் ராணுவத் தலைமையகக் கல்லூரியில் சிறந்த தேர்ச்சி பெற்ற சிலருள் அவரும் ஒருவர். அதே ஆண்டு ஹிசாக்கோ என்ற பெண்ணை மணந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

பருத்த உடல், மொட்டையடித்த தலை, அதிகம் உணர்ச்சி காட்டாத முகம். புகைப்படங்களில் அவரை அப்படித்தான் பார்க்கிறோம். அக்காலத்து ஜப்பானிய அதிகாரிகள் பலருக்குக் கிடைக்காத வெளிநாட்டு அனுபவம் அவருக்கு இருந்தது. முதல் உலகப் போர் முடிந்ததும் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரிலும், பின்னர் ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவிலும் ராணுவப் பிரதிநிதியாகப் பணியாற்றினார். ஐரோப்பியப் படைகளின் பலமும் பலவீனமும் அவருக்கு நேரடியாகத் தெரியும்.

ஜப்பானில் அப்போது ராணுவமே அரசியலைத் தீர்மானிக்கும் நிலை உருவாகிக்கொண்டிருந்தது. 1936ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் தேதி, இளம் அதிகாரிகள் சிலர் சுமார் 1,400 வீரர்களுடன் தோக்கியோவில் கிளர்ச்சி செய்து அமைச்சர்களைக் கொன்றனர். யமாஷிட்டா அதில் கலந்துகொள்ளவில்லை என்றாலும் கிளர்ச்சியாளர்கள்மீது அனுதாபம் கொண்டிருந்தார். அவர்கள் சார்பில் பேசவும் முயன்றார். இது பேரரசர் ஹிரோஹித்தோவுக்குக் கோபமூட்டியது. கிளர்ச்சி ஒடுக்கப்பட்டதும் யமாஷிட்டா கொரியாவுக்கு மாற்றப்பட்டார். அதன்பின் சீனாவில் நடந்த போரில் பணியாற்றினார்.

1940ஆம் ஆண்டின் இறுதியில் ராணுவக் குழு ஒன்றுக்குத் தலைமையேற்று ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் சென்றார். ஹிட்லரையும் முசோலினியையும் சந்தித்தார். ஜப்பானிய ராணுவம் நவீனமாக வேண்டும், அதுவரை பிரிட்டனுடனும் அமெரிக்காவுடனும் போருக்குப் போகக்கூடாது என்பதே திரும்பி வந்தபின் அவர் கொடுத்த அறிக்கையின் சாரம். போரை விரும்பியோர் அதைக் கேட்கும் நிலையில் இல்லை. சில மாதங்களில் அவரிடமே 25ஆம் படையின் தலைமையைக் கொடுத்து மலாயாவைப் பிடிக்கச் சொன்னார்கள்.

70 நாள் படையெடுப்பு

1941 டிசம்பர் 8ஆம் தேதி அதிகாலை, மலாயாவின் கோத்தா பாருவிலும் தாய்லாந்தின் சிங்கோரா, பட்டானி கடற்கரைகளிலும் 25ஆம் படை இறங்கியது. இரண்டே நாள்களில் பிரிட்டனின் பெரும் போர்க்கப்பல்களான ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ இரண்டையும் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. கடலிலும் வானிலும் ஜப்பானியர் கை ஓங்கியது.

யமாஷிட்டாவுக்கு ஐந்து டிவிஷன்கள் தர மேலிடம் தயாராக இருந்தது. அவர் மூன்று போதும் என்றார். அத்தனை பேருக்கும் உணவும் தோட்டாவும் கொண்டுசெல்ல முடியாது என்பது அவரது கணக்கு. வேகத்தையே அவர் நம்பினார். மலாயாவின் நல்ல தார்ச்சாலைகளில் அவரது வீரர்கள் சைக்கிளில் சென்றனர். டாங்கிகளே செல்ல முடியாது என்று பிரிட்டிஷ் தளபதிகள் நினைத்த இடங்களில் டாங்கிகள் வந்தன. பாதுகாப்பு அரண் எங்கிருந்தாலும் நேரே மோதாமல், காட்டு வழியாகவும் படகுகளிலும் சுற்றிச்சென்று பின்னால் தாக்குவது வழக்கமானது. 1942 ஜனவரி 7ஆம் தேதி சிலிம் ஆற்றருகே டாங்கிகள் பிரிட்டிஷ் அணிகளை ஊடுருவிச் சென்றன. ஜனவரி 11ஆம் தேதி கோலாலம்பூர் விழுந்தது. ஜனவரி 31ஆம் தேதி கடைசிப் பிரிட்டிஷ் படை சிங்கப்பூருக்குள் வந்து சேர, ஜோகூர் கடற்பாலத்தின் ஒரு பகுதி வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

அந்த வேகத்துக்கு இன்னொரு முகமும் இருந்தது. ஜோகூரின் பாரிட் சூலோங்கில் ஜனவரி 22ஆம் தேதி, பின்வாங்கிய ஆஸ்திரேலிய, இந்தியப் படையினர் தூக்கிச்செல்ல முடியாத காயம்பட்ட வீரர்களை விட்டுச்செல்ல நேர்ந்தது. சிறைப்பிடிக்கப்பட்ட அந்தச் சுமார் 150 பேரை ஜப்பானியப் பேரரசக் காவற்படையினர் கொன்றனர். உயிர்தப்பியவர்கள் மிகச் சிலரே. அந்தக் காவற்படையின் தளபதி தகுமா நிஷிமுரா, யமாஷிட்டாவின் கீழ் இருந்த மூன்று டிவிஷன் தளபதிகளில் ஒருவர்.

வெற்றிக்கு நாள் குறித்து விரைந்துகொண்டிருந்த படைக்குக் கைதிகள் பாரமாகத் தெரிந்தனர். ஆனால் யமாஷிட்டாவால் தம் படையைக் கட்டுப்படுத்தவே முடியாது என்று சொல்லிவிட முடியாது. பினாங்கில் கொள்ளையிலும் பாலியல் கொடுமையிலும் ஈடுபட்ட வீரர்களை அவர் தண்டித்ததாக அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதியோர் பதிவு செய்துள்ளனர். தண்டிக்கும் அதிகாரம் அவரிடம் இருந்தது, அதைப் பயன்படுத்தவும் தெரிந்திருந்தது. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படிப்போம்.

புக்கிட் பாஞ்சாங் இரவு

ஜோகூர் சுல்தானின் புக்கிட் செரீன் அரண்மனைக் கோபுரத்தில் யமாஷிட்டா தம் பார்வையிடத்தை அமைத்தார். அங்கிருந்து சிங்கப்பூரின் வடகரை முழுவதும் தெரியும். பிப்ரவரி 7ஆம் தேதி புலாவ் உபினில் ஒரு படையை இறக்கி, தாக்குதல் வடகிழக்கிலிருந்து வரும் என்று எதிரியை நம்பவைத்தார். மறுநாள் இரவு முதன்மைப் படை வடமேற்கே சரிம்பூன் சதுப்பு நிலக் கரையில் இறங்கியது. அங்கே காவலிருந்தது ஓர் ஆஸ்திரேலியப் படையணி. நீண்ட கரையில் ஆள்கள் மிகவும் விலகி நின்றனர். விடிவதற்குள் அந்தத் தற்காப்பு உடைந்தது. 9ஆம் தேதி தெங்கா விமானத்தளம் ஜப்பானியர் வசமானது.

அடுத்த இலக்கு புக்கிட் தீமா. தீவின் உயரமான பகுதி அது. உணவு, எரிபொருள், வெடிமருந்துக் கிடங்குகள் பலவும் அங்கேதான் இருந்தன. புக்கிட் பாஞ்சாங்கைக் கடந்துதான் அங்கே போக முடியும். 10ஆம் தேதி மாலை சுவா சூ காங் சாலையில் இந்திய ராணுவத்தின் ஹைதராபாத் படைப்பிரிவு வீரர்கள் நின்றனர். மலாயா முழுவதும் போரிட்டுப் பின்வாங்கி, ஆள் குறைந்து, களைத்துப்போயிருந்த படை அது. டாங்கிகள் அவர்களைக் கடந்து வந்தன. புக்கிட் பாஞ்சாங் கிராமத்தில் ஸ்காட்லாந்தின் ஆர்கைல் படைப்பிரிவினர் வாகனங்களைச் சாலையில் நிறுத்தித் தடுக்கப் பார்த்தனர். அதுவும் நீடிக்கவில்லை. நள்ளிரவை ஒட்டி ஜப்பானியர் புக்கிட் தீமாவை எட்டினர்.

கிராமத்தில் குடியிருந்தோருக்கு அந்த இரவு எப்படி இருந்திருக்கும் என்பதை ராணுவப் பதிவேடுகள் சொல்வதில்லை. படைகளின் பெயரும் நேரமும் அவற்றில் இருக்கின்றன. வீட்டைவிட்டு ஓடியவர்கள் பெரும்பாலும் முதியோர் வாய்மொழியில் மட்டுமே இருக்கிறார்கள்.

பிப்ரவரி 11ஆம் தேதி ஜப்பானின் தேசியத் திருநாள். அன்றே சிங்கப்பூரைப் பிடித்துவிட யமாஷிட்டா விரும்பினார். சரணடையச் சொல்லும் கடிதத்தை விமானத்திலிருந்து போடச் செய்தார். பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் பதில் தரவில்லை. சண்டை தொடர்ந்தது. பாசிர் பாஞ்சாங்கில் மலாய்ப் படைப்பிரிவு கடுமையாக எதிர்த்து நின்றது. அங்கே பிப்ரவரி 14ஆம் தேதி லெப்டினன்ட் அட்னான் சைடி கொல்லப்பட்டார். அன்றே ஜப்பானிய வீரர்கள் அலெக்சாண்டிரா மருத்துவமனைக்குள் புகுந்து, நோயாளிகளையும் மருத்துவ ஊழியர்களையும் கொன்றனர். அங்கு இறந்தவர்கள் சுமார் 200 பேர்.

ஃபோர்ட் ஆலையில் ஒரு மாலை

பிப்ரவரி 15ஆம் தேதி மாலை, புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து சற்றுத் தொலைவில் அப்பர் புக்கிட் தீமா சாலையில் உள்ள ஃபோர்ட் கார் ஆலையில் இரு தளபதிகளும் எதிரெதிரே அமர்ந்தனர். தென்கிழக்காசியாவின் முதல் ஃபோர்ட் வாகன ஆலையான அது, திறக்கப்பட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை.

யமாஷிட்டாவிடம் சிங்கப்பூரில் இருந்தது சுமார் 30,000 வீரர்கள். எதிரணியில் சுமார் 85,000 பேர். அவரது பீரங்கிக் குண்டுகள் தீரும் நிலையில் இருந்தன. தெருச்சண்டை தொடங்கினால் தோற்றுவிடலாம் என்று அவர் பயந்தார். அதை மறைக்கத்தான் பேச்சை இழுக்கவிடாமல், சரணடைகிறீர்களா இல்லையா என்று பெர்சிவலை நெருக்கினார். நகரில் தண்ணீர் விநியோகம் குலைந்திருந்தது, மக்கள் குண்டுவீச்சில் இறந்துகொண்டிருந்தனர். பெர்சிவல் நிபந்தனையின்றிக் கையெழுத்திட்டார்.

இரண்டு நாள் கழித்து ஃபேரர் பார்க் திடலில் சுமார் 45,000 இந்திய வீரர்கள் ஒன்றுகூட்டப்பட்டு ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். இந்திய விடுதலைக்குத் துணை நிற்பதாக ஜப்பானிய அதிகாரிகள் அவர்களிடம் உறுதி கூறினர். இந்திய தேசிய ராணுவத்தின் தொடக்கம் அதுதான். இங்கிருந்த தமிழர் பலர் அந்த உறுதிமொழியை நம்பினர். அதே வாரத்தில், அதே நகரத்தில், சீனர்களுக்கு வேறொன்று நடந்துகொண்டிருந்தது.

சூக் சிங்

1937 முதல் ஜப்பான் சீனாவோடு போரிட்டு வந்தது. சிங்கப்பூர், மலாயாச் சீனர்கள் தாயகத்துக்குப் பணம் திரட்டி அனுப்பியிருந்தனர். சிங்கப்பூரைக் காக்கச் சீனத் தொண்டூழியர் படையொன்றும் போரிட்டது. இவர்களைத் தேடி ஒழிக்க வேண்டும் என்ற உத்தரவு பிப்ரவரி 18ஆம் தேதி பிறந்தது. நகரக் காவல் தளபதியாக நியமிக்கப்பட்டிருந்த சபுரோ கவாமுரா, அந்த உத்தரவு யமாஷிட்டாவிடமிருந்து வந்ததாகப் பிற்பாடு தம் விசாரணையில் தெரிவித்தார். திட்டத்தை முன்னின்று தூண்டியவர், யமாஷிட்டாவின் தலைமையகத்தில் இருந்த கர்னல் மசானோபு சுஜி.

18 முதல் 50 வயது வரையிலான சீன ஆண்கள் குறிப்பிட்ட இடங்களில் கூட உத்தரவிடப்பட்டது. ஜாலான் புசார், சைனாடவுன் போன்ற இடங்களில் முட்கம்பி வேலிக்குள் உணவும் நீரும் போதாமல் நாள்கணக்கில் காத்திருந்தனர். முறையான விசாரணை எதுவும் இல்லை. முகமூடி அணிந்த ஆள்காட்டிகள் தலையசைத்தால் போதும். ஆசிரியர், பத்திரிகையாளர், நன்கொடை கொடுத்தவர், உடலில் பச்சை குத்தியவர் என யார்மீதும் சந்தேகம் விழலாம். சோதனையில் தேறியவர்களின் துணியிலோ உடலிலோ முத்திரை குத்தி வெளியே விட்டனர். மற்றவர்களை லாரிகளில் ஏற்றிச் சாங்கி, பொங்கோல் கடற்கரைகளுக்கும் சிக்லாப் போன்ற இடங்களுக்கும் கொண்டுசென்று சுட்டனர்.

எத்தனை பேர் இறந்தனர் என்பதில் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை. ஜப்பானியத் தரப்பு 5,000 முதல் 6,000 வரை என்றது. சீனச் சமூகத்தின் மதிப்பீடு 50,000 வரை செல்கிறது. 1962ல் சிக்லாப்பில் எலும்புகள் கண்டெடுக்கப்பட்ட பிறகே பல குடும்பங்கள் தங்கள் துக்கத்துக்கு ஓர் இடத்தைப் பெற்றன. பீச் ரோட்டில் உயர்ந்து நிற்கும் போர் நினைவுச்சின்னத்தின் அடியில் அந்த எச்சங்கள் உள்ளன. 1967 பிப்ரவரி 15ஆம் தேதி திறக்கப்பட்ட அதன் நான்கு தூண்கள், நம் நான்கு சமூகங்களைக் குறிக்கின்றன.

உயிரோடு எஞ்சிய சீனச் சமூகம் 50 மில்லியன் டாலர் கொடுக்க வேண்டும் என்று ஜப்பானிய நிர்வாகம் உத்தரவிட்டது. அவ்வளவு பணம் திரளவில்லை. மீதியை ஜப்பானிய வங்கியொன்றில் கடன் வாங்கி, 1942 ஜூன் மாதம் சமூகத் தலைவர்கள் காசோலையை ஒப்படைத்தனர்.

பினாங்கில் கொள்ளையடித்த வீரர்கள் உத்தரவை மீறினார்கள், தண்டிக்கப்பட்டார்கள். சூக் சிங்கில் சுட்ட வீரர்கள் உத்தரவை நிறைவேற்றினார்கள். கட்டுப்பாடு குலைந்ததால் நடக்கும் கொடுமை வேறு, கட்டுப்பாட்டின் வழியாகவே நடக்கும் கொடுமை வேறு. இரண்டாவது வகைக்குத் தளபதி பொறுப்பில்லை என்று எவரும் வாதிட முடியாது.

600 ஆண்டுகளுக்கு முன்பு

மக்களை அச்சுறுத்திப் போரை வெல்லும் வழி யமாஷிட்டாவின் படையோடு தொடங்கியதில்லை. பிரான்சின்மீது இங்கிலாந்து நடத்திய நூறாண்டுப் போரில், ‘கறுப்பு இளவரசர்’ என்று பின்னாளில் அழைக்கப்பட்ட எட்வர்ட், 1355ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் போர்டோவிலிருந்து மத்தியதரைக் கடற்கரைப் பக்கம் வரை படை நடத்தினார். கோட்டைகளை முற்றுகையிடுவதைவிட, வழியிலுள்ள ஊர்களையும் களஞ்சியங்களையும் எரிப்பதே அந்தப் படையெடுப்பின் முக்கிய வேலை. வரி கட்ட மக்களிடம் எதுவும் இருக்கக்கூடாது, தங்கள் அரசரால் தங்களைக் காக்க முடியாது என்று அவர்கள் உணர வேண்டும் என்பதே நோக்கம். 1370ல் லிமோஜ் நகரைத் தண்டித்தபோது 3,000க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக அக்கால வரலாற்றாசிரியர் ஃபுரோசார் எழுதினார். இன்றைய ஆய்வாளர்கள் சுமார் 300 பேர் என்கின்றனர். இறந்தோர் எண்ணிக்கையில் சர்ச்சை என்பது சூக் சிங்குக்கு மட்டும் உரியதன்று.

எட்வர்டை யாரும் விசாரிக்கவில்லை. வீரத்தின் இலக்கணம் என்று போற்றப்பட்டு, கேன்டர்பரி தேவாலயத்தில் பெரும் மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார். தளபதியை நீதிமன்றத்தில் நிறுத்தலாம் என்ற எண்ணம் வலுப்பெற 20ஆம் நூற்றாண்டு வரை ஆனது. அந்த எண்ணம் சோதிக்கப்பட்ட முதல் பெரும் வழக்குகளில் ஒன்று யமாஷிட்டாவுடையது.

மணிலா

வெற்றி வீரராகத் தோக்கியோ திரும்புவதற்குப் பதிலாக, 1942 ஜூலையில் யமாஷிட்டா மஞ்சூரியாவுக்கு அனுப்பப்பட்டார். பிரதமர் தோஜோவுக்கு அவர்மீது இருந்த பொறாமையே காரணம் என்று பலர் கருதுகின்றனர். சிங்கப்பூர் அப்போது ‘சியோனான்’ ஆகியிருந்தது. அவர் போன பிறகு இங்குள்ள தமிழர்களின் நிலையும் மாறியது. மலாயாவின் பால்மரத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் சயாம் - பர்மா ரயில் பாதை போடக் கொண்டுசெல்லப்பட்டனர். ஆயிரக்கணக்கானோர் வீடு திரும்பவில்லை. அந்தப் பாதை யமாஷிட்டாவின் பொறுப்பில் இல்லை. ஆனால் அவர் வென்று கொடுத்த நாட்டிலிருந்துதான் அந்த மக்கள் சென்றனர்.

1944 அக்டோபரில், ஜப்பான் தோல்வியை நோக்கிச் சென்றுகொண்டிருந்த வேளையில், பிலிப்பீன்சைக் காக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. அவர் சென்ற சில நாள்களில் அமெரிக்கப் படை லெய்ட்டியில் இறங்கியது. மணிலாவைக் காப்பது இயலாது என்று முடிவெடுத்த யமாஷிட்டா, படைகளை வெளியேறச் சொல்லிவிட்டு வடக்கே மலைப்பகுதிக்குச் சென்றார். ஆனால் கடற்படைத் துணைத் தளபதி சன்ஜி இவாபுச்சி தலைமையிலான வீரர்கள் நகரிலேயே நின்றனர். 1945 பிப்ரவரி முழுவதும் நடந்த சண்டையில் அவர்கள் பொதுமக்களைக் கொன்று குவித்தனர். அமெரிக்கப் பீரங்கித் தாக்குதலிலும் பலர் மாண்டனர். மொத்தத்தில் சுமார் 100,000 மக்கள் இறந்தனர்.

ஜப்பான் சரணடைந்தபின், 1945 செப்டம்பர் 2ஆம் தேதி யமாஷிட்டா மலையிலிருந்து இறங்கிவந்தார். மறுநாள் பாகியோ நகரில் சரணடைவுப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். அந்த அறையில் சாட்சியாக நின்றவர்களில் ஒருவர், மூன்றரை ஆண்டுகளுக்கு முன் ஃபோர்ட் ஆலையில் அவர் முன் அமர்ந்திருந்த பெர்சிவல்.

வழக்கு

அக்டோபர் 29ஆம் தேதி மணிலாவில் விசாரணை தொடங்கியது. ஐந்து அமெரிக்க ஜெனரல்கள் நீதிபதிகள். அவர்களில் எவரும் வழக்கறிஞர் அல்லர். மொத்தம் 123 குற்றச்சாட்டுகள். அவற்றுள் 59, விசாரணை தொடங்கும் நேரத்தில் சேர்க்கப்பட்டவை. 286 சாட்சிகள் பேசினர். பெற்றோரை இழந்த பிள்ளைகளும் பிள்ளைகளை இழந்த பெற்றோரும் அவர்களில் இருந்தனர். கொடுமைகள் நடந்தன என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

யமாஷிட்டா உத்தரவிட்டார் என்று வழக்கு சொல்லவில்லை. தம் படையைக் கட்டுப்படுத்தத் தவறினார் என்பதே குற்றச்சாட்டு. தகவல் தொடர்பு அறுந்திருந்தது, நடப்பது தமக்குத் தெரியாது என்பது அவரது வாதம். அவருக்காக வாதாடிய அமெரிக்க ராணுவ வழக்கறிஞர்கள், தோற்ற எதிரிக்கு நியாயமான விசாரணை வேண்டும் என்று முழு மனத்தோடு போராடினர். 1945 டிசம்பர் 7ஆம் தேதி, பேர்ல் துறைமுகத் தாக்குதலின் நான்காம் ஆண்டு நினைவு நாளில், மரண தண்டனை விதிக்கப்பட்டது.

மேல்முறையீடு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1946 பிப்ரவரி 4ஆம் தேதி, ஆறு நீதிபதிகள் தண்டனைக்கு எதிரான மனுவைத் தள்ளுபடி செய்தனர். மர்ஃபி, ரட்லெட்ஜ் என்ற இரு நீதிபதிகள் எதிர்த்தனர். மர்ஃபி முன்னர் பிலிப்பீன்சின் ஆளுநராக இருந்தவர், அந்த மக்களை நன்கு அறிந்தவர். அப்படியிருந்தும், எதிரியின் தகவல் தொடர்பை நாமே துண்டித்துவிட்டு, படையை ஏன் கட்டுப்படுத்தவில்லை என்று நாமே கேட்பது நியாயமாகாது என்ற கருத்தைத் தம் தீர்ப்பில் முன்வைத்தார்.

பிப்ரவரி 23ஆம் தேதி லாஸ் பான்யோஸில் யமாஷிட்டா தூக்கிலிடப்பட்டார். அவருக்கு வயது 60.

சிங்கப்பூருக்கு என்ன நீதி?

சூக் சிங் வழக்கு 1947ல் விக்டோரியா நினைவு மண்டபத்தில் நடந்தது. ஏழு அதிகாரிகள் விசாரிக்கப்பட்டனர். கவாமுராவும் கெம்பெய்த்தாய் தலைவர் ஓய்ஷியும் தூக்கிலிடப்பட்டனர். மற்ற ஐவருக்கு ஆயுள் தண்டனை. அவர்களில் ஒருவரான நிஷிமுரா, பின்னர் பாரிட் சூலோங் படுகொலைக்காக ஆஸ்திரேலிய நீதிமன்றத்தால் விசாரிக்கப்பட்டு 1951ல் தூக்கிலிடப்பட்டார். திட்டத்தைத் தூண்டிய சுஜி, புத்த பிக்கு வேடத்தில் தப்பினார். 1952ல் ஜப்பானிய நாடாளுமன்ற உறுப்பினரானார். 1961ல் லாவோசில் காணாமல் போனார். எந்த நீதிமன்றமும் அவரை விசாரிக்கவில்லை.

யமாஷிட்டாவோ அதற்குள் இறந்துவிட்டார். அவர் சிங்கப்பூரில் விசாரிக்கப்பட்டிருந்தால், உத்தரவு எங்கிருந்து வந்தது, எந்த வார்த்தைகளில் வந்தது, கீழே இறங்கும்போது எப்படி மாறியது என்பதை அவரிடமே கேட்டிருக்கலாம். உத்தரவிட்டதாக நிரூபிக்கப்படாத மணிலாவுக்காக அவர் இறந்தார். அவரது தலைமையகத்திலிருந்து உத்தரவு வந்த சிங்கப்பூருக்காக அவர் ஒரு வார்த்தைகூட நீதிமன்றத்தில் பேச வேண்டியிருக்கவில்லை. மணிலாவின் தண்டனை சிங்கப்பூரின் கணக்கையும் தீர்த்துவிட்டது என்று சொல்ல முடியாது.

அவரது வழக்கு விட்டுச்சென்ற கேள்வி தொடர்ந்து வந்தது. 1968ல் வியட்னாமின் மை லாய் கிராமத்தில் அமெரிக்க வீரர்கள் பொதுமக்களைக் கொன்றனர். அவர்களின் அதிகாரி கேப்டன் மெடினா 1971ல் ராணுவ நீதிமன்றத்தில் விடுவிக்கப்பட்டார். நடப்பது அவருக்கு உண்மையிலேயே தெரிந்திருந்தால்தான் குற்றம் என்று அங்கே கூறப்பட்டது. யமாஷிட்டாவுக்கு வைத்த அளவுகோலை அமெரிக்கா தன் அதிகாரிக்கு வைக்கவில்லை என்று அப்போதே பலர் சுட்டிக்காட்டினர். 1998ல் உருவான அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்துக்கான ரோம் ஒப்பந்தம் ஒரு வரையறை தந்தது. ராணுவத் தளபதிக்குத் தெரிந்திருந்தாலும், அந்தச் சூழலில் தெரிந்திருக்க வேண்டியதாக இருந்தாலும், தடுக்கவோ தண்டிக்கவோ தவறினால் அவரே பொறுப்பு.

இது தொலைவில் இருக்கும் சட்டப் பிரச்சினை போலத் தோன்றலாம். ஆனால் இதைப் படிக்கும் இளையர் பலர் இன்னும் சில ஆண்டுகளில் தேசிய சேவைக்குச் செல்வார்கள். சிலர் அதிகாரிகளாவார்கள். பத்துப் பேருக்குத் தலைமை தாங்குபவரானாலும், அந்தப் பத்துப் பேர் செய்வதற்கு அவர் பதில் சொல்ல வேண்டும். வீரர்களுக்கும், கூடாத உத்தரவு எது என்று தெரிந்திருக்க வேண்டும். சூக் சிங்கில் துப்பாக்கி ஏந்தியவர்கள் எல்லாரும் கொடூரர்களாகப் பிறந்தவர்கள் அல்லர். யாரோ சொன்னார்கள், அவர்கள் செய்தார்கள்.

ஃபோர்ட் ஆலை இன்று அருங்காட்சியகம். புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து பேருந்தில் சிறிது நேரத்தில் சென்றுவிடலாம். அருகே புக்கிட் பாத்தோக்கில், ஜப்பானியர் தங்கள் போர்வீரர்களுக்காகப் போர்க்கைதிகளைக் கொண்டு கட்டிய நினைவுச்சின்னத்தின் படிக்கட்டுகள் மட்டும் எஞ்சியுள்ளன. ஆண்டுதோறும் பிப்ரவரி 15ஆம் தேதி முழுமைத் தற்காப்பு தினத்தை அனுசரிக்கும்போது, நாடு எப்படி வீழ்ந்தது என்பதைப் பள்ளியில் படிக்கிறோம். வீழ்ந்த மூன்றாம் நாள் பிறந்த உத்தரவைப் பற்றியும், அதற்குப் பதில் சொல்லாமலேயே இறந்த தளபதியைப் பற்றியும் அன்று சேர்த்துப் படிக்கலாம்.